இறந்தவருக்கு ஆட்சேபணை உண்டு

ஸ்கார்பேக், பிரஸ்ஸல்ஸ்
9 ஜூலை 2000

அன்பு மகள் விவினாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனி வழியில் போகிறது. ஆறு வருடமாக இறந்திருந்த உன் செர்வாஸ் பெரியப்பாவும் இப்போது நல்ல சுகம், போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பியரில் வேகவைத்த முயலை முக்கால்வாசி தனியாளாகச் சாப்பிட்டுவிட்டு இன்னும் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். நீயும் மாப்பிள்ளை ஹேமிஷும் உலகத்தின் தென்கோடியில், அந்த டுனெடின் குளிரில் எப்படி இருக்கிறீர்கள், அம்மா அனுப்பிய கம்பளி உள்ளாடை வந்ததா, வந்தும் போடாமல் பெட்டியில் வைத்திருக்கிறாயா என்பதை ஒளிக்காமல் எழுது. இங்கே கோடை என்று பெயர்தான், மழை விட்டபாடில்லை. கால்பந்துப் போட்டியை நம் நாட்டில் வைத்துக்கொண்டு நாமே முதல் சுற்றில் வெளியேறியதிலிருந்து அம்மா டி.வி.யின் மேல் மேசைவிரிப்பைப் போட்டு மூடிவிட்டாள், செய்தி பார்க்கக்கூட விடுவதில்லை.

போன மாதம் போனில் அம்மா உன்னிடம் "பெரியப்பா செத்துட்டாராம், அதனால கல்யாணம் தள்ளிப்போகுது" என்று சொன்ன நேரத்தில் லைன் அறுந்துபோய், நீ அங்கே அழுதுகொண்டே மறுபடி மறுபடி கூப்பிட்டாயாமே, அதை நினைத்து அவள் இன்னும் வருத்தப்படுகிறாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சொன்ன வரிசைதான் சரியில்லை. நான் முதலிலிருந்து எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

பெரியப்பாவுக்கு அறுபத்தாறு வயது, இதுவரை கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காதவர். ஊரில் அவர் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் வண்டியில் உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் டிம்ப்னாவை உனக்கு நினைவிருக்கும், புருஷன் போய்ப் பல வருடம் ஆன அம்மாள், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு மட்டும் மயோனைஸ் கூடுதலாக வைப்பாளே, அவள்தான். பத்தொன்பது வருடம் தினமும் அவள் வண்டியில் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போன மனிதர், போன கிறிஸ்துமஸ் அன்று பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவளும் "அதைக் கேக்க இத்தனை கிழங்கு வறுக்க வேண்டியிருந்துச்சா?" என்றாளாம். பிப்ரவரியில் இருவரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு பதிவுக்காக நகராட்சிக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, "ஐயா, நீங்க தொண்ணூத்திநாலு நவம்பர்லயே காலமாயிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, நல்ல வளர்ப்பு போலிருக்கிறது, எழுந்து நின்று டிம்ப்னாவிடம் துக்கம் வேறு விசாரித்திருக்கிறாள்.

பெரியப்பா இருக்கும் நம் சொந்த ஊரில் நாட்டு எல்லை வீடுகளின் நடுவே ஓடுவது உனக்குத் தெரியாததா, வாசல் எந்த நாட்டுப் பக்கம் திறக்கிறதோ வீடும் அந்த நாடுதான். தொண்ணூற்று நாலில் பெரியப்பா, தெருப்பக்கம் குளிர்காற்று அடிக்கிறது என்று வாசலைக் கழற்றித் தோட்டப்பக்கம் மாட்டினார். அதோடு வீடு பெல்ஜியத்திலிருந்து ஹாலந்துக்குப் போய்விட்டது. பெல்ஜியப் பக்கத்துப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள், அதுவரை சரி, ஆனால் எடுத்ததற்குக் காரணம் இறப்பு என்று எழுதியிருக்கிறது, ஏன் என்று சொல்ல அங்கே யாருமில்லை. டச்சுப் பக்கம் போனால் "நீங்க உயிரோட இருக்கிறதுல எங்களுக்குச் சந்தோஷம்தான், ஆனா எங்க கணக்குல நீங்க வரவே இல்லையே, அந்தப் பக்கத்துலேர்ந்து கிளம்பின சான்று கொண்டாங்க" என்றார்கள். பெல்ஜியப் பக்கம் திரும்பி வந்தால் "இறந்தவங்களுக்குக் கிளம்பின சான்று கொடுக்கிறதில்லைங்க" என்றார்கள். இப்படியே நடந்து நடந்து அவருக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. டிம்ப்னா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள், "பொணத்தைக் கட்டிக்க எனக்கு ஒண்ணுமில்ல, பாதிரியார்தான் ஒத்துக்க மாட்டேங்கிறார்" என்பாள், ஆனால் அவளுக்கு அக்டோபரில் இதய அறுவை சிகிச்சை வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் உறவுக்காரர் யார், கையெழுத்துப் போடுவது யார், பக்கத்தில் இருக்கப்போவது யார் என்று கேட்டால் பிள்ளை குட்டி இல்லாத அவள் யாரைச் சொல்வாள், எதிர்வீட்டு இறந்தவரையா? அதை நினைத்துத்தான் பெரியப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

இனி என் பக்கம். பதினைந்து நாடுகளும் கூடி ஒன்றியம் முழுவதுக்கும் பொதுவாக அடிப்படை உரிமைச் சாசனம் ஒன்று எழுதுகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன், அதில் ஒரு சிறிய வரைவுக் குழுவுக்கு மேசையில் தாள் வைப்பவனும் பெயர்ப் பலகை அடுக்குபவனும் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்பவனும் நான்தான். ஏப்ரலில் பெரியப்பா அந்தக் குழுவுக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டார், "ஒவ்வொருவருக்கும் உரிமை என்று எழுதுகிறீர்களாமே, அதில் நான் சேர்த்தியா?" என்று இரண்டே வரி. தபாலைப் பிரிப்பவனும் நான்தானே, பிரித்தேன், ஆனால் சொந்த அண்ணனின் கடிதத்துக்கு நான் பதில் எழுதினால் பாரபட்சம் ஆகிவிடும் என்று விதி, வேறு பிரிவுக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து, அவருக்கு அனுப்பச் சொல்லி என் மேசைக்கே பதில் வந்தது, பின்லாந்து மொழியில். கடிதம் எழுதுகிறவருக்கு அவர் எழுதிய மொழியிலேயே பதில் தரப்படவேண்டும் என்ற வாசகத்தைக் குழு ஏகமனதாக ஏற்றதும் அதே நாள் காலையில்தான், அந்தத் தாளை ஒவ்வொருவர் முன்னும் வைத்த கை என் கை. குழுத் தலைவி டெல்லெர்வோ பின்லாந்துக்கார அம்மையார், அவரிடமே கொண்டுபோய்ப் படித்துக்காட்டச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், "கடிதம் எழுதியவர் காலமாகிவிட்டபடியால் பதில் அவசியமில்லை என்பதைத் தங்களுக்குப் பதிலாகத் தெரிவித்துக்கொள்கிறோம்." படித்துவிட்டு என்னைப் பார்த்து "யாருங்க இது, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார். தெரிஞ்சவர் என்று மட்டும் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது, அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை பார்.

அந்தப் பதிலை நான் போனில் மொழிபெயர்த்துச் சொன்னபோது பெரியப்பா கோபப்படக்கூட இல்லை. "டேய் லீவன், முப்பத்தோரு வருஷமா காகிதம் அடுக்குறியே, அதுல ஒண்ணாவது எவனையாவது வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்காடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நான் அன்றைக்கும் காகிதம் அடுக்கத்தான் போனேன்.

ஜூன் பதினைந்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கட்டட வாசலில் டிம்ப்னாவின் வறுவல் வண்டி வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார், பின்னாலிருந்து தன் வீட்டு வாசற்கதவையும் இறக்கினார். முழு ஓக் மரக் கதவு கண்ணு, தபால் துளை, பித்தளைப் பிடி, எண் பதினேழு எல்லாம் அப்படியே. எல்லா வம்புக்கும் இதுதான் காரணம், பெரிய மனுஷங்க கண்ணாலயே பாக்கட்டும் என்று கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். காவலாளி அவரை மட்டும்தான் நிறுத்தினார், கதவை நிறுத்தவில்லை. "நீங்க யாரோட பிரதிநிதி?" என்று கேட்டிருக்கிறார். "என்னோட" என்றார் பெரியப்பா. "அந்தப் பேர்ல குழு எதுவும் இல்லைங்களே." அடையாள அட்டையை வாங்கி எண்ணைப் போட்டுப் பார்த்தால் அட்டைக்காரர் உயிரோடு இல்லை என்று வந்தது, காவலாளி அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இது உங்க அப்பா கார்டா?" என்றாராம். அப்புறம்தான் கதவைக் கவனித்து "இது யாருக்கு?" என்று கேட்டார். மேலே கூட்டம் நடக்கிறதே, அவர்களுக்கு என்று டிம்ப்னா சொன்னாள். "மரச்சாமானா? மொதல்லயே சொல்லக்கூடாதா, சரக்கு வாசலுக்குப் போங்க" என்று வழி காட்டிவிட்டார். சரக்கு வாசலில் சீட்டு எழுதினார்கள், அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது, 'கதவு, ஓக், ஒன்று. தூக்குவோர் இருவர்.' தூக்குவோருக்குப் பெயரும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். மனிதர் என்று நுழைய முடியாதவர் கதவின் கூலியாள் என்று நுழைந்துவிட்டார்.

நான் உள்ளே மூன்றாம் வரிசையில் திருத்தப் பிரதிகளை வைத்துக்கொண்டிருந்தேன். இரட்டைக் கதவு திறந்தது, உள்ளே இன்னொரு கதவு வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இருவரும் அதைச் சுவரில் சாய்த்தார்கள், பழுதுபார்க்க வந்தவர்கள் என்று நினைத்து ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பாவுக்கு நாலு மாடி ஏறிய களைப்பு, அருகில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது கணுக்கால் முறிந்து வீட்டில் படுத்திருந்த ஒரு உறுப்பினரின் நாற்காலி, முன்னால் பெயர்ப் பலகை, ஒலிவாங்கி, நான் வைத்த தண்ணீர்க் குவளை. காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் மொழியில் பேச்சு வருகிறது என்று தெரிந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்றைக்கு விவாதம் திருமணம் செய்துகொள்ளும் உரிமை பற்றி. கிரேக்க வழக்கறிஞர் பெலாகியோஸ், எதிலும் ஓட்டை இருக்கக்கூடாது என்கிறவர், 'ஒவ்வொருவருக்கும்' என்பதற்கு முன்னால் 'உயிருடன் உள்ள' என்று சேர்க்கவேண்டும் என்றார். இறந்தவர் யார் வந்து கேட்கப்போகிறார்கள், அந்தச் சொல் எதற்கு என்று சிலர், கேட்கமாட்டார்கள் என்றால் எழுதிவைப்பதில் என்ன நஷ்டம் என்று அவர், இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. எங்கள் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது, யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் நிறைவேறியதாகப் பொருள். டெல்லெர்வோ அம்மையாரும் சலித்துப்போய் "சரி, சேத்துக்கலாம், யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டு எழுதுகோலை எடுத்தார். பெரியப்பா கையைத் தூக்கி, ஒலிவாங்கியின் பொத்தானை அமுக்கி, "எனக்கு இருக்குங்க" என்றார். கண்ணாடிக் கூண்டுகளில் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பத்து மொழிகளில் சொன்னார்கள்.

அவர் பேசியதை நான் குறிப்பில் எழுதியபடியே உனக்கும் எழுதுகிறேன். "உயிரோட இருக்கிறவங்கன்னு போடாதீங்க. நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னு முடிவு பண்றது நான் இல்ல, ஒரு பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துச் சொல்லுது. நீங்க அந்த வார்த்தையைப் போட்டா இந்தச் சட்டத்துலயும் எனக்கு இடமில்லாம போயிரும்." பெலாகியோஸ் பெயர்ப் பலகையைப் படித்தார், ஆளைப் பார்த்தார், "நீங்க யாரு?" என்றார். "நான் செத்தவனுங்க" என்றார் பெரியப்பா. சுவரில் சாய்த்த கதவைக் காட்டி முழுக் கதையையும் சொன்னார். இறந்தவர்கள் குழுவில் பேசலாம் என்று விதியில் எங்கே இருக்கிறது என்று பெலாகியோஸ் விதிப் புத்தகத்தைப் புரட்ட, பேசக்கூடாது என்றும் அதில் இல்லை என்று டெல்லெர்வோ சொல்ல, பத்து நிமிடம் எல்லோரும் பக்கம் புரட்டினார்கள். கடைசியில் பெலாகியோஸ் புத்தகத்தை மூடிவிட்டு டிம்ப்னாவிடம் "அம்மா, நீங்க இவரைத்தான் கட்டிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள், "பத்தொன்பது வருஷமா என் கை வறுவலைத் தின்னும் சாகாத ஆளுங்க, ஒரு காகிதம் சாகடிச்சிருச்சு" என்றாள். சிரிப்பு வந்தது, ஆனால் மொழிபெயர்ப்பு முடிய முடிய ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒவ்வொரு நேரத்தில் வந்தது. பெலாகியோஸ் சிரிக்கவில்லை. தன் திருத்தத்தை வாபஸ் வாங்குவதாக எழுந்து நின்று சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். பெரியப்பா ஒலிவாங்கியை விடவில்லை. "அப்ப இதைக் கொண்டுபோய் எங்க ஊருல காட்டினா கட்டி வெப்பாங்களா?" என்று கேட்டார். டெல்லெர்வோ அம்மையார் நேர்மையான மனுஷி, மழுப்பவில்லை. இது இன்னும் வரைவுதான், முடிந்தபின்னும் இப்போதைக்கு யாரையும் கட்டுப்படுத்தாது, அதிலும் ஊர் நகராட்சிப் பதிவேட்டுக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி என்று சொன்னார். "அப்புறம் எதுக்குங்க எழுதுறீங்க?" இது சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்லை கண்ணு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அம்மையார் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "எழுதி வெக்கலைன்னா நாளைக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வந்து நிக்கும்போது, எங்களுக்குத் தெரியாதேன்னு சொல்லிருவாங்க. அப்படிச் சொல்ல முடியாம பண்றதுக்குத்தான்" என்றார். பெரியப்பா யோசித்துவிட்டு, "அது கொஞ்சம்தான், ஆனா ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டேன்" என்று பொத்தானை அணைத்தார். பகல் சாப்பாட்டுக்கு மொத்தக் குழுவும் மழையில் டிம்ப்னாவின் வண்டி முன்னால் வரிசையில் நின்றது, பெலாகியோஸின் வரைவுப் பிரதியில் மயோனைஸ் கொட்டியது, நான் வேறு பிரதி கொடுத்தேன்.

அன்று பிற்பகல் குறிப்பைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். வழக்கப்படி யார் நாற்காலியிலிருந்து பேச்சு வந்ததோ அந்த உறுப்பினரின் பெயரைத்தான் போடவேண்டும், கணுக்கால் முறிந்த மனிதரின் பெயரை. முப்பத்தோரு வருடம் அப்படித்தான் செய்தேன், விதி எதுவோ அது. விரல் நகரவில்லை விவினா. அவர் ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சபையில் வாய் திறந்திருக்கிறார், அதையும் தம்பி கையாலேயே வேறொருவருக்கு எழுதிக்கொடுப்பதா? 'திரு. செர்வாஸ், வாசற்கதவு எண் பதினேழின் உரிமையாளர், ஆட்சேபித்தார்' என்று எழுதினேன். எழுதிய தாளை டெல்லெர்வோ அம்மையாரிடம் கொண்டுபோய், அவர் என் அண்ணன் என்பதையும் சொன்னேன். அவர் படித்துவிட்டு, "நடந்ததுதானே எழுதியிருக்கு? வர்ற கூட்டத்துல வெப்போம், ஆட்சேபணை இல்லைன்னா நிறைவேறிடும்" என்றார். அம்மாவிடம் வேலை போனாலும் போகலாம் என்றேன், "போனா போகட்டும், ரொம்ப நாளா அடைஞ்சு கிடக்கிற அலமாரியை ஒழிக்கவாவது வீட்டுல ஒரு ஆள் கிடைக்கும்" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் குறிப்பு மேசைக்கு வந்தது, ஆட்சேபணை உண்டா என்ற கேள்விக்குப் பெலாகியோஸ் கையைத் தூக்கினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். தன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அதைத் திருத்தவேண்டும் என்றார், அவ்வளவுதான். பதினொரு மொழிகளிலும் முத்திரையோடு குறிப்பு நிறைவேறியது. சுவரில் சாய்ந்திருந்த கதவையும் அவர்தான் விடுவித்தார், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இல்லாமல் மரச்சாமான் வெளியே போகக்கூடாதாம், அவரே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு அவரே திருப்பி அனுப்பினார். என் பிரிவுத் தலைவர் விளக்கம் கேட்டு ஒரு தாள் அனுப்பியிருக்கிறார், நடந்ததை நடந்தபடி எழுதினேன் என்று பதில் கொடுத்துவிட்டேன், அவர் அனுப்பிய மொழியிலேயே.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணனோடு பெல்ஜியப் பக்கத்து நகராட்சிக்குப் போனேன். இறந்தவர் பேசியதற்கு அரசாங்க முத்திரை, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். அன்று இருந்தவர் வயதான எழுத்தர், "பேசினா உயிரோட இருக்கார்னு எந்தப் படிவத்துலயும் இல்லைங்க" என்றார். ஆனாலும் பொறுமையாகப் பழைய காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார், அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெயரை நீக்கும் படிவத்தில் காரணம் என்று இரண்டே கட்டம், 'ஊரை விட்டுச் சென்றார்', 'இறந்தார்'. தொண்ணூற்று நாலில் இருந்த எழுத்தர் மிகவும் மனசாட்சிக்காரர், செர்வாஸ் எங்கும் போகவில்லை, தினமும் வறுவல் வண்டியில் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறார், ஊரை விட்டுப் போனதாகப் பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை, அதனால் மற்றதை நிரப்பிவிட்டார். இந்தப் பெரியவர் அதைச் சொல்லிவிட்டு எங்கள் கூட்டக் குறிப்பை மறுபடி படித்தார், முகம் மலர்ந்தது. "ஜூன் பதினஞ்சு இவர் பிரஸ்ஸல்ஸ்ல இருந்திருக்காரே! அப்ப ஊரை விட்டுப் போயிருக்காரு!" நான், எதற்கும் வாயை மூடாதவன், "ஒரு மத்தியானம்தானேங்க" என்றேன். அண்ணன் என் காலை மிதித்தார். "எவ்வளவு நேரம்னு படிவத்துல கேக்கலையே" என்று பெரியவர் 'இறந்தார்' என்பதை அடித்து, 'சென்றார்' என்று எழுதி, கிளம்பின சான்றையும் அங்கேயே கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தோம், அரை மணியில் டச்சுப் பக்கத்தில் வரவு வைத்தார்கள். வெளியே வந்து அண்ணன் என் தோளில் கை போட்டார், போட்ட கையை எடுக்காமலே டிம்ப்னாவின் வண்டி வரை கூட்டிப்போனார்.

கல்யாணம் செப்டம்பர் இரண்டு, சனிக்கிழமை காலை பதினொரு மணி. விருந்து வண்டியிலேதான். அக்டோபர் பதினொன்றில் டிம்ப்னாவுக்கு ஆபரேஷன், படிவத்தில் 'கணவர்' என்ற இடத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று பெரியப்பா இப்போதே எழுதிப் பழகுகிறார், அம்மாவின் மளிகைப் பட்டியலின் பின்பக்கமெல்லாம் அவர் கையெழுத்துதான். உன்னால் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், மனதில் வைத்துக்கொள்ளாதே, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாழ்த்து மட்டும் உன் கைப்பட எழுதி முன்கூட்டியே அனுப்பு.

கடைசியாக ஒன்று, இதை மறக்கக்கூடாது. மார்ச்சில் வீடு மாறினீர்களே, நம் தூதரகத்தில் புது முகவரியைக் கொடுத்தாயா? கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நீ அப்படித்தான். திங்கட்கிழமையே போனைப் போட்டுக் கேட்டு, அவர்கள் கேட்கிற தாளை நிரப்பி அனுப்பு, எந்தக் கட்டத்தில் குறி வைக்கிறார்கள் என்பதை விசாரித்து எனக்கு எழுது. அம்மாவுக்கு இதெல்லாம் புரியவைக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்து உன் குரல் கேட்டால் அவளுக்குப் போதுமாம், வேறு சான்று வேண்டாமாம். ஆகவே படிவத்தையும் நிரப்பு, போனும் பண்ணு. நீயும் மாப்பிள்ளையும் குளிரில் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவராக நீண்ட காலம் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா
லீவன்